இன்னும் யாருக்குச் சொல்லவில்லை?

எனக்கு இருபத்தெட்டு வயது. போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்க வேண்டாம். ஒரு வேலையை இனி எந்தச் சம்பளத்துக்கும் செய்யமாட்டேன் என்று முடிவு கட்டினால் அதற்குப் பெயர் ராஜினாமா இல்லை, ஓய்வுதான். அறுபது வயது வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

நான் படித்த கல்லூரியின் மல்டிமீடியா பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். "அக்கா, நீங்க வேலை செஞ்ச கடைக்கு இன்டர்ன்ஷிப் போலாமா? டிசைன் வேலைதானே, ஈசிதானே லா?" ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அப்புறம் போவதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசைன் வேலைதான். சாவு போஸ்டர் டிசைன்.

கடை ஈஜோக் பெரிய ரோட்டில், மோட்டார் பட்டறைக்குப் பக்கத்தில். முதலாளி பத்மா அக்கா. அதற்கு முன்னால் அது சைபர் கஃபே. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இண்டர்நெட் என்பது ஓர் இடம். சைக்கிள் எடுத்துக்கொண்டு போகவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேர்வு முடிவு பார்ப்போம், பாட்டு இறக்குவோம், நேரம் முடிந்ததும் அக்கா கத்துவார், எழுந்து வந்துவிடுவோம். நாம் வெளியே வந்தால் இண்டர்நெட் உள்ளேயே இருந்துவிடும். பின்னாலேயே வீட்டுக்கு வராது. சோறு சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் உட்காராது.

அப்புறம் எல்லார் கைக்கும் போன் வந்தது. கடையில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூசி பிடித்தன. பாமாயில் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், ராவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர், கோயில் தலைவர் என்று எல்லாரும் நாள் முழுக்க இண்டர்நெட்டிலேயே இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் தாங்கள் அதில் இருப்பது தெரியாது. கடைக்கு வந்த ஒரு மாமாவிடம், "இண்டர்நெட் யூஸ் பண்ணுவீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நமக்குத் தெரியாது பிள்ள. நான் வாட்சப் மட்டுந்தான்."

பத்திரிகைகளில் அதைப் புலனம் என்று எழுதுவார்கள். எங்கள் வட்டாரத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எதையும் தேடிப்போய்ப் படிக்கிற பழக்கமும் யாருக்கும் இல்லை. எது வருகிறதோ அதைப் பார்ப்பார்கள். பார்த்ததை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். அவ்வளவுதான்.

நான் டிப்ளமா முடித்துவிட்டு அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்த நேரத்தில்தான் போஸ்டர் வேலை கடையைக் காப்பாற்ற ஆரம்பித்திருந்தது. தோட்டங்கள் கைமாறி, ஆட்கள் புக்கிட் பெருந்துங், ராவாங், கிள்ளான் என்று சிதறிப்போய்விட்டார்கள். ஆனால் வாட்சப் குரூப்புகள் மட்டும் இன்னமும் பழைய தோட்டத்துப் பெயரில்தான் இருக்கின்றன, சிலது தோட்டத்துக்குள் இருந்த டிவிஷன் வாரியாகக்கூட. செத்துப்போனவருடைய பெயரைவிட எந்த டிவிஷன் என்பதுதான் முக்கியம். "எந்த சுப்பையா?" என்று கேட்பவன், "ரெண்டாவது டிவிஷன் சுப்பையா" என்றால் உடனே அழுவான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தாளில் அடித்துப் பஸ் ஸ்டாப்பில் ஒட்டுவது. இப்போது போன் திரைக்கு ஏற்ற மாதிரி நெட்டுக்குத்தாகச் செய்யவேண்டும். எடுக்கிற நேரத்தைக் கீழே போடக்கூடாது. ஸ்டேட்டஸில் வைத்தால் கீழ்ப்பகுதியைப் பதில் எழுதும் கட்டம் மறைத்துவிடும், ஜனங்கள் சுடுகாட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேருவார்கள். எழுத்து பெரிசாக இருக்கவேண்டும், ஏனென்றால் பத்துக் கை மாறுவதற்குள் படம் மங்கிவிடும். தனிப் படம் யாரிடமும் இருக்காது. கல்யாணத்தில் எடுத்த கும்பல் படம்தான் வரும். பக்கத்தில் நிற்பவரின் கையைத் தோளிலிருந்து எடுக்கவேண்டும். சிலுவார் கால்சட்டையும் பனியனுமாக இருக்கும் ஆளுக்கு வேட்டி சட்டை போட்டுவிடவேண்டும். இதற்கா டிப்ளமா என்று கேட்டால், ஆமாம், இதற்குத்தான்.

ஒரு தடவை ஒரு குடும்பம் பெயர் ஒன்றாக இருந்த வேறொருவர் படத்தை அனுப்பிவிட்டது. போஸ்டர் போய்விட்டது. மத்தியானம் அந்த மனிதரே மோட்டாரில் கடைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஏன் பிள்ள, என்னைய எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?"

பத்மா அக்கா தலை நிமிராமல், "மூணு மணிக்கு அண்ணே. குளிச்சிட்டு ரெடியா இருங்க" என்றார்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சரியான போஸ்டரை உடனே அனுப்பினோம். ஆனால் தப்பானது திரும்பி வரவேயில்லை. பல மாதம் கழித்தும் சுங்கை புரோங்கில் யாரோ அவரைச் சந்தையில் பார்த்து அலறினார்களாம். ஒன்று கையைவிட்டுப் போனால் போனதுதான் என்று நான் கற்றுக்கொண்டது அப்போது. வேடிக்கையாகத்தான் கற்றுக்கொண்டேன்.

பத்மா அக்காவைப் பற்றி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் எப்போதும் குவாச்சி விதை. கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட அவர் வாயில் வராது. போனில் அழுகிறவர்களைக் கொஞ்ச நேரம் அழவிடுவார், பிறகு வரிசையாகக் கேட்பார். பேரு. வயசு. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன். எரிக்கிறதா, பொதைக்கிறதா. எத்தன மணிக்கு. கடைசியாக ஒரு கேள்வி.

"இன்னும் யாருக்குச் சொல்லல?"

இதற்கு மட்டும் யாருமே டக்கென்று பதில் சொல்லமாட்டார்கள். பிறகு ஒரு பெயர் வரும். பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிற மகள். பிள்ளைத்தாய்ச்சி. டயாலிசிஸ் போயிருக்கிற அண்ணன். அந்த ஆளுக்கு நேரில் போய்ச் சொல்லியாச்சு என்று தகவல் வருகிற வரைக்கும் போஸ்டர் கடையைவிட்டு வெளியே போகாது. எவ்வளவு அவசரம் என்றாலும் போகாது. கத்துகிறவர்களிடம், "அப்ப வேற கடைக்குப் போங்க லா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

இந்தக் கேள்வி எப்படி வந்தது என்றால், நான் சேர்வதற்கு முன்னால் நடந்த ஒரு விஷயம். ராவாங்கில் ஒரு தொழிற்சாலை, போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒருவர் ரெஸ்ட் நேரத்தில் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். கும்பிடு போட்ட மெசேஜாகக் கொட்டியிருக்கிறது. யார் போனது என்றே தெரியாமல் மேலே தள்ளிக்கொண்டே போய், கடைசியில் எங்கள் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். அவருடைய அப்பா. வேலை உடுப்போடு நேரே கடைக்கு வந்தாராம். ஒரு வார்த்தை திட்டவில்லை. "இதை ஒன்னு பிரிண்ட் எடுத்துக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனாராம். அக்கா இதை என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. அப்போதும் குவாச்சி கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆனால் காலம் அக்காவுக்காக நிற்கவில்லை. போனிலேயே போஸ்டர் செய்கிற ஆப் வந்தது. படத்தைப் போட்டால் பூ, மேகம், ஒலிக்கிற பாட்டு எல்லாம் தானாக வரும். பெரியவர் மூச்சு நிற்பதற்குள் பேரன் ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறான். முதலில் போட்டவன் யார் என்பதில் ஒரு பெருமை. குடும்பம் எங்களிடம் போஸ்டரை நிறுத்தி வைக்கச் சொல்லும், அதே நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் ஒருத்தன் டிக்டாக் லைவ் போய்க்கொண்டிருப்பான். "அக்கா, யாரைத் தடுத்து என்னா ஆவப்போவுது?" என்று நான் கேட்டேன்.

"நம்ம கடையிலேர்ந்து போவல. அது போதும்."

எனக்கு அது போதவில்லை. ஆனாலும் சம்பளம் வந்தது, இருந்தேன்.

இனி தினேஷ் விஷயம்.

காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் முரளி அண்ணன் போன் செய்தார். லோரி ஓட்டுபவர், ரோட் டேக்ஸ் புதுப்பிக்க எங்களிடம்தான் வருவார்.

"மச்சான் போயிட்டான் அக்கா. தினேஷ்."

தினேஷ் அவர் மனைவி ரேவதியின் தம்பி. ராவாங்கில் வேலை. காலை ஷிப்டுக்கு மோட்டாரில் போகும்போது லோரியில் மாட்டிக்கொண்டான். என்னைவிட இளையவன். அந்தக் கடையில்தான், அதற்கு முந்தின வருடம், அவன் தன் அம்மா லட்சுமி ஆண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்து, "அக்கா, எங்கம்மாவுக்கு வாட்சப் சொல்லிக் குடுங்க. நான் சொன்னா எனக்குக் கோபம் வந்துருது" என்றான். அவருக்கு எழுத்து அவ்வளவாக வாசிக்க வராது. நான்தான் ஒவ்வொருவர் பெயருக்கும் படம் வைத்து, வாய்ஸ் அனுப்புவது எப்படி, வீடியோவைத் தள்ளிவிடுவது எப்படி, அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, பார்த்தார்களா என்று டிக் பார்ப்பது எப்படி, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

பத்மா அக்கா வழக்கம்போலக் கேட்டார். பேரு, வயசு, டிவிஷன். கடைசிக் கேள்விக்கு முரளி அண்ணன் உடைந்துவிட்டார்.

"அத்தைக்கு. அவங்க தோட்டத்துல வேலையில இருக்காங்க அக்கா. நான்தான் நேர்ல போயி சொல்லணும். இங்க ஆஸ்பத்திரியில போலீஸ் பேப்பர் முடியல, நகர முடியல. ஒரு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் போஸ்டர விட்டுறாதீங்க."

"விடமாட்டேன். போன்ல எதும் அவங்ககிட்ட சொல்லிறாத. படம் மட்டும் அனுப்பி வை."

"ரேவதிகிட்ட சொல்றேன். அவ பாத்து அனுப்புவா."

நானும் கடை நம்பரிலிருந்து ரேவதிக்கு வழக்கமான மெசேஜைத் தட்டிவிட்டேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்தது, நேராகப் பார்ப்பது, மங்கலாக இல்லாதது. எல்லாக் குடும்பத்துக்கும் அனுப்புகிற அதே மெசேஜ்தான்.

அனுப்பிவிட்டு வட்டாரக் குரூப்பைத் திறந்தேன். வீடியோ அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. எவனோ காடியை மெதுவாக்கி ஜன்னல் வழியாக எடுத்திருக்கிறான். வளைந்த மோட்டார். தனியாகக் கிடக்கிற ஹெல்மெட். எதையோ போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். "பாருங்க மக்களே, பாருங்க" என்கிறான் எடுத்தவன். கீழே நீளத்துக்குக் கும்பிடுகள்.

போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் பார்த்து முடிக்கவில்லை, பாதியில் நிறுத்தினார்.

"அந்த அம்மா இந்த குரூப்புல இருக்கா?"

"இருக்காங்க. நான்தான் சேத்துவிட்டேன்."

"கெளம்பு. போயி அந்தப் போன வாங்கிக்க. முரளி வர்ற வரைக்கும் அவங்க கையில போன் இருக்கக் கூடாது."

"என்னா சொல்லி வாங்குறது?"

"அப்டேட்டுன்னு சொல்லு, வைரஸுன்னு சொல்லு. உனக்கா வாய் இல்ல?"

"நான் அழுதுட்டேன்னா?"

"அழுதீன்னா காலை ஒடைப்பேன். போ."

மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் பாமாயில் மரம். அந்தப் பகுதியில் லைன் சரியாக வராது என்று எல்லாரும் திட்டுவார்கள். லைன் கிடைக்கக் கூடாது என்று என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சாமியை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். தோட்டத்துக்குள் நுழைந்து போனைப் பார்த்தேன். முழுக் கோடும் நின்றது. புதுசாக டவர் போட்டிருக்கிறார்கள்.

லட்சுமி ஆண்டிக்கு உதிர்ந்த பழம் பொறுக்குகிற வேலை. ரெஸ்ட் நேரம். வேறு இரண்டு பெண்களோடு மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க்கில் தே ஓ, பால் இல்லாத டீ. கையில் போன்.

"அடடே, ஷர்மி! என்னா பிள்ள இந்தப் பக்கம்? வழி மாறி வந்துட்டியா?"

"இல்ல ஆண்டி. உங்க போன்ல ஒரு அப்டேட் போடணும். இல்லாட்டி வாட்சப் நின்னுரும். கடைக்கு எடுத்துட்டுப் போயி சாயங்காலம் தரேன்."

"அதுக்காகத் தோட்டத்துக்கே வந்துட்டீங்களா? நல்ல செர்வீஸ் லா!"

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

"குடுங்க ஆண்டி."

"இரு, இரு. ஒன்னு காட்றேன். இதப் பாத்தியா நீ?"

அதே வீடியோ. வெயிலில் திரை பாதி தெரியவில்லை. அவர் கண்ணிலிருந்து தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"ராவாங் ரோடாம். கண்ணாடி கொண்டாரல, சரியாத் தெரியல. யாரு பெத்த புள்ளையோ, பாவம். காலையிலேயே போயிருச்சு." அவரும் குரூப்பில் ஒரு கும்பிடு போட்டிருந்தார். "இதத் தூக்கி நம்ம தம்பிக்கு அனுப்பிட்டேன். அவன் ரோட்டுல பறப்பான் பிள்ள. சொன்னாக் கேக்க மாட்டான். இதப் பாத்தாச்சும் பயம் வரும்ல?"

வீடியோவுக்குக் கீழே அவருடைய வாய்ஸ். பெருமையாக எனக்குப் போட்டுக் காட்டினார்.

"தம்பி, இதப் பாரு. மெதுவா ஓட்டு சாமி. பசியாறிட்டியா?"

அதன் ஓரத்தில் இரண்டு டிக். சாம்பல் நிறம். வண்டிதான் நசுங்கியிருக்கிறது, போன் உயிரோடு இருக்கிறது.

"இன்னும் பாக்கல. நீல டிக் வந்தாத்தானே பாத்தான்னு அர்த்தம்? நீதான் சொல்லிக் குடுத்த. அது வரட்டும், அப்புறம் எடுத்துட்டுப் போ."

"அதெல்லாம் நான் கடையில பாத்துக்கிறேன் ஆண்டி, குடுங்க."

"அட, என்னா அவசரம்? டீயைக் குடி."

பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் ஏன் என்று கேட்பார். என் வாயில் அதற்கு மேல் பொய் இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலமானது.

"பாத்துட்டான்! பாத்தியா, பாத்துட்டான்!" சின்னப் பிள்ளை மாதிரி என் தொடையில் அடித்தார். மற்றவர்களிடம் திரையைத் திருப்பிக் காட்டினார். "என் மவன் பாத்துட்டான்."

மேலே, அவன் பெயருக்குக் கீழே, பச்சையாக ஏதோ ஓடியது.

"என்னா பிள்ள அது?"

"எழுதிக்கிட்டு இருக்காங்க ஆண்டி."

"எழுதுறானா? திட்டத்தான் போறான். வேலை நேரத்துல ஏன் அனுப்புறன்னு."

காத்திருந்தோம். பச்சை எழுத்து நின்றது. மறுபடி வந்தது. நின்றது. இன்னொரு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை.

என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்து மறைத்துப் பார்த்தேன். தினேஷ் நம்பரிலிருந்து கடை நம்பருக்கு ஒரு படம், கடை வாட்சப் என் போனிலும் ஓடும். நல்ல வெளிச்சம், நேராகப் பார்க்கிறான், மங்கலே இல்லை. கீழே, "ரேவதி. இது போதுமா?" நாங்கள் கேட்ட படத்தைத் தேடத்தான் அவர் தம்பியின் போனைத் திறந்திருக்கிறார். திறந்ததும் மேலே அம்மாவின் மெசேஜ் இருந்திருக்கும். வீடியோவையும் பார்த்திருப்பார், வாய்ஸையும் கேட்டிருப்பார். என்ன எழுத முடியும்?

"சூப்பர்வைசர் வந்திருப்பான்" என்றார் ஆண்டி. "மத்தியானம் எழுதுவான். இந்தா, இப்ப எடுத்துக்க. சாயங்காலம் மறக்காமக் கொண்டாந்து குடு, அவன் போன் பண்ணுவான்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குனிந்து குனிந்து பொறுக்கினார். அவ்வளவு நிம்மதியான ஓர் ஆளை அன்றைக்கு நான் வேறெங்கும் பார்க்கவில்லை. போனை அணைத்துவிட்டு அதே சாக்கில் உட்கார்ந்திருந்தேன். போகவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அந்தப் படத்தை வைத்துத்தான் அன்று மத்தியானம் போஸ்டர் செய்தேன். அதற்குப் பிறகு ஒரு போஸ்டரும் செய்யவில்லை.

முரளி அண்ணனின் காடி செம்மண் பாதையில் வந்தது. இறங்கி நடந்து வந்தார். ஆண்டி வாளியைக் கீழே வைத்தார். முரளி அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தூரம். ஆண்டி தலையை ஆட்டினார். அவர் மறுபடி சொன்னார். மற்ற இரண்டு பெண்களும் வாயில் அடித்துக்கொண்டு ஓடினார்கள்.

ஆண்டி அழவில்லை. முரளி அண்ணனின் கையை விலக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"காலையிலேயே போயிட்டான்னு சொல்றாங்க பிள்ள."

அவர் கண் இன்னும் போன்மேலேயே இருந்தது.

"நீலமாச்சே. நீயும் பாத்தீல்ல? எழுதுனான்ல?" அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கடையில் சந்தேகம் கேட்பது மாதிரி. "அப்ப அதப் பாத்தது யாரு?"